பூசைக்குப் போன மலைப்பாதை

என் மாமியார் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு புதன்கிழமை. புதன் தடுப்பூசி நாள். கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருக்கிறேன். ஊசிக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்மார்களுக்குப் பின்னால், தோளில் துணிப்பையும் கையில் கருவாட்டு வாடை வீசும் டப்பாவுமாக அவரும் வரிசையில் நின்றிருந்தார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை, மதுரையிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து மலை. அறுபத்திரண்டு வயதில், தனியாக, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்.

"என்னத்தே, சொல்லாம கொள்ளாம?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம அவருக்கு ஆண்டுப் பூச. இங்கன வச்சு வைக்கலாம்னு வந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், ஊசி வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

அவர் என்றால் என் மாமனார். நான் உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர்.

நான் கடலாடிப் பக்கத்துக்காரி. அய்யாவுக்கு மிளகாய்க் காடும் கொஞ்சம் நெல்லும். என் கணவர் ராமேஸ்வரம் தீவில் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். ராமநாதபுரத்தில் நான் நர்சிங் படித்தபோது அவர் மீன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொண்டபோது என் அய்யா ஆறு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் ஒரு சாக்கு வத்தலோடு வந்து இறங்கி, "மருமகப்பிள்ள உறைப்புத் திம்பாராத்தா?" என்று கேட்டதோடு எல்லாம் சரியாகிவிட்டது. தீவில் அப்படி நடக்கவில்லை. "எனக்குப் பிடிக்கல, வராதீங்க" என்று போனில் மாமனாரிடமிருந்து ஒரு வரி வந்தது. பத்தாவது மாதம், வலை பின்னிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று இன்னொரு வரி வந்தது.

அடக்கத்துக்கு இருவரும் போனோம். கணவர் உள்ளே போனார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தெருமுனையில் ஒரு பூவரச மரத்தடியில் நின்றேன். மூடாத பெட்டியைத் தூக்கிப் போனபோது எட்டிப் பார்த்தேன். வெள்ளை மீசை மட்டும் தெரிந்தது. அந்த மீசை மேல் மூன்று வருடமாக எனக்குக் கோபம். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அது வரவில்லை.

இங்கே எங்கள் ஊரில் கோவில் இல்லை, அதாவது அவர்கள் கோவில், சர்ச். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் ஒரு சிறு கோவில் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, டவுனிலிருந்து சாமியார் ஜீப்பில் வந்து பூசை வைப்பார். அந்த ஞாயிறும் ஆண்டு நாளும் ஒன்றாக வந்தது. கணவர் போனில் பேசி, யாருக்காகப் பூசை என்று சொல்லி, எல்லாம் ஏற்பாடு செய்தார். அவர் இப்போது கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு கீழே மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை லோடு இறக்கிவிட்டு விடிவதற்குள் வந்துவிடுவதாகவும், மூன்று பேரும் வேனிலேயே போகலாம் என்றும் பேச்சு.

சனிக்கிழமை இரவெல்லாம் மழை. காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"ரோட்டுல பெரிய மரம் விழுந்து கெடக்கு. ரெண்டு பக்கமும் வண்டி நிக்கிது. மெசினு வந்து அறுத்தாத்தேன் வழி. அம்மாகிட்ட நீயே சொல்லிரு" என்றார் கணவர்.

சொன்னேன். அத்தை அதற்குள் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, அதன் மேல் மகனின் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு, "நடந்து போற வழி கெடையாதா?" என்று கேட்டார்.

இருந்தது. ரோடு வழியாகச் சுற்றினால் தூரம். எங்கள் ஊர் ஏரிக்கு மேலே மலை முகட்டைத் தாண்டினால் மூன்று, நான்கு மணி நேர நடை. சொட்டு மருந்துப் பெட்டியோடு அந்த வழியாக நான் இரண்டு முறை போயிருக்கிறேன், வெயில் நாட்களில், ஆட்களோடு. அதைச் சொன்னேன். ஏற்றம், வழுக்கும், அட்டை கடிக்கும், காட்டுமாடு நிற்கும் என்பதையும் சொன்னேன்.

"மீன்கூடையத் தலையில வச்சுக்கிட்டு மணல்ல எம்புட்டோ நடந்திருக்கேன். நடக்குறதுக்கா பயப்படுவேன்?" என்றார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். பையில் இட்லியும் ஒரு பாட்டில் சுடுதண்ணீரும் அத்தையின் ஜெபப் புத்தகமும். பூண்டு வயல்களின் வரப்பில் ஏறி, தைலமரங்களுக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டும்வரை அவர் எனக்கு முன்னால்தான் போனார். அதற்கு மேல் புல்மலை. ஈரப்புல்லில் ரப்பர் செருப்பு வழுக்கியது. கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். அகலமான, விரல்கள் விரிந்த கால்கள். சேற்றைப் பிடித்துக்கொண்டு ஏறின.

ஆனால் சரிவு அவருக்குப் பழக்கமில்லை. எனக்கும்தான் என்ன? எங்கள் பக்கம் மேடு என்றால் கண்மாய்க் கரை. தீவில் மேடு என்றால் ராமர்பாதம், அதைத் தாண்டினால் மணல்திட்டு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை என்கிற இடத்தில் அவர் கால்கள் நின்றுவிட்டன. பக்கவாட்டில் நண்டு மாதிரி அடிவைத்தார். பிறகு அதுவும் முடியாமல் உட்கார்ந்துகொண்டார்.

"கீழ பாக்காதீங்கத்தே. என் முதுகையே பாத்துக்கிட்டு வாங்க."

"கடல்ல ஆழம் கண்ணுக்குத் தெரியாது. இங்கன அம்புட்டும் தெரியுதே" என்றார்.

கையை நீட்டினேன். ஒரு நொடி யோசித்துவிட்டு முழங்கைக்கு மேலே சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடிக்கவில்லை. அப்படியே முகடுவரை வந்தோம்.

மேலே போய்த் திரும்பியபோது ஏரி முழுவதும் தெரிந்தது. மழை விட்ட காலை. நான்கு புறமும் பச்சை மலைகள் இறங்கிவந்து அந்தத் தண்ணீரில் முடிந்தன. எங்கள் ஊர் ஒரு கைப்பிடி ஓடுகளாகத் தெரிந்தது. அத்தை இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தார்.

"இம்புட்டு உசரத்துல யாரு கொண்டாந்து ஊத்துனா?"

"மழைத் தண்ணிதேன்."

"அலையே இல்ல பாரேன். தூங்குற பிள்ள மாரி கெடக்கு."

இந்த மலைக்கு வந்த புதிதில், இதில் பாதி எங்கள் கண்மாய்க்குக் கிடைத்தால் மூன்று போகம் விளையும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னேன். அத்தை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. இட்லியைப் பிரித்தேன். பூசைக்கு முன்னால் சாப்பிட மாட்டேன் என்று சுடுதண்ணீர் மட்டும் குடித்தார். அவருக்காக நானும் சாப்பிடவில்லை. பசித்தது.

முகட்டைத் தாண்டி, சோலைக்காட்டின் ஓரமாகப் பாதை வளையும் இடத்தில் காட்டுமாடு ஒன்று நின்றது. கறுப்பு மலை மாதிரி உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. தனி மாடு. தனி மாடுதான் ஆபத்து என்று இங்கே சொல்வார்கள். அத்தையை இழுத்து ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தேன்.

"மாடுதான? 'இந்தா'ன்னு ஒரு சத்தம் போட்டாப் போயிராது?" என்று அவர் காதுக்குள் கேட்டார்.

"அத்தே, தயவுசெஞ்சு பேசாம இருங்க."

அது மேய்ந்தது. எங்களைப் பார்த்தது. திரும்பவும் மேய்ந்தது. அத்தையின் விரல்கள் ஸ்வெட்டருக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தன. அரைமணி நேரமாவது இருக்கும். அது காட்டுக்குள் இறங்கிப்போன பிறகு எழுந்தபோது என் கால் மரத்துப்போயிருந்தது. அத்தையின் கணுக்காலில் இரண்டு அட்டைகள். உப்பு எடுத்துவர மறந்திருந்தேன். அவரே நகத்தால் சுண்டி எறிந்தார்.

கோவிலை நாங்கள் எட்டியபோது பதினொன்றரை. பூசை தொடங்கியிருக்கும், கடைசி ஆசீருக்காவது போய்விடலாம் என்று கடைசிச் சரிவில் அவர் ஓட்டமும் நடையுமாக இறங்கினார். கோவில் பூட்டியிருந்தது. ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். வாசலில் ஒரு கோழி. பக்கத்து வீட்டிலிருந்து உபதேசியார் சாவியோடு வந்தார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்கிறவர் அவர்தான்.

"ஃபாதர் வரலைங்களேம்மா. ரோட்டுல மரம் விழுந்துருச்சுன்னு போன் பண்ணாருங்க" என்றார்.

எங்கள் வேனை மறித்த மரம் சாமியாரின் ஜீப்பையும் மறிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் படியில் உட்கார்ந்து, சேற்றுக் கால்களை நீட்டி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

உபதேசியார் நல்ல மனிதர். கதவைத் திறந்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார். "பூசையை ஃபாதர் இன்னொரு நாள் வைப்பாருங்க. இறந்தவங்களுக்கான ஜெபத்தை இப்ப நான் வாசிக்கிறேன்" என்றார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணிப்பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்தார். அதை உபதேசியாரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"என் மருமக வாசிக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தையை அதுவரை அவர் சொன்னதில்லை. வந்த நாளிலிருந்து நான் 'ஏ புள்ள'தான். சில நேரம் அதுவும் இல்லை.

முழங்கால் போட்டு வாசித்தேன். எனக்குப் பழக்கமில்லாத சொற்கள். நிறுத்தும் இடம் தெரியாமல் ஓடி, மூச்சு வாங்கி, திரும்ப வாசித்தேன். ஓர் இடத்தில் புத்தகத்தில் கோடிட்டு இடம் விட்டிருந்தது. இறந்தவரின் பெயரை அங்கே சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டேன்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் உபதேசியார்.

அத்தை புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் மாமனார் பெயரைச் சொல்கிற மருமகள் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன். கல்யாணப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் எழுதியது நினைவிருந்தது. வாயால் சொன்னது அன்றுதான். அத்தை தலையைக் குனிந்து அழுதார், சத்தமில்லாமல்.

உபதேசியாரின் மனைவி சோறும் பீன்ஸ் குழம்பும் போட்டார். அத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு மணிக்குக் கிளம்பினோம்.

முகட்டில் ஏறும்போது வெயில் அடித்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் கீழே ஏரிப் பக்கத்திலிருந்து, மஞ்சு என்று இங்கே சொல்கிற மூடுபனி ஏறி வந்தது. முதலில் ஏரி போனது, பிறகு எதிர்மலை, பிறகு பாதை, பிறகு என் கைக்கு எட்டாத எல்லாமே. நான் முன்பு வந்த இரண்டு முறையும் இப்படி ஆனதில்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "கொஞ்சநேரம் உக்காருவோம்த்தே, கலைஞ்சுரும்" என்றேன். புல்லில் உட்கார்ந்தோம். இரண்டு முழம் தள்ளி இருந்த அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

முகம் தெரியாததால்தான் அவருக்குப் பேச வந்ததோ என்னவோ.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அதுக்குத்தேன் வந்தேன். நாலு நாளாச் சொல்ல வரல."

நான் குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

"அவரு உன்னைய வேணாம்னு சொல்லல. நாந்தேன் சொன்னேன்."

மஞ்சுக்குள் எங்கோ ஒரு பறவை கத்தி நின்றது.

"பய வந்து விசயத்தச் சொல்லிட்டுப் போன பொறகு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'வரச் சொல்லு, பிள்ளையப் பாப்போம்'னாரு. அம்புட்டுத்தேன். நாந்தேன், அந்தப் புள்ள வாசல மிதிச்சா நான் கடல்ல விழுந்துருவேன்னு நின்னேன். அவரு சண்டைக்கு நிக்கிற மனுசன் இல்ல. நான் சொல்லச் சொன்னதப் போன்ல சொன்னாரு. செத்த பொறகு, எல்லாரும் 'அவருக்குப் பிடிக்கல, பாவம்'னு பேசுனாக. நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். பழிய அவரு மேல போட்டுட்டு மூணு வருசம் அவருக்கே பூச வச்சேன்."

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. பூவரச மரத்தடியில் நின்ற அந்த மதியம் முழுவதும் திரும்ப வந்துவிட்டது. பத்து அடி, பதினைந்து அடி நடந்தேன். திரும்பினால் அத்தை இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது.

"ஏத்தா" என்று குரல் வந்தது. "ஏத்தா, எங்கன இருக்க?"

நான் பதில் சொல்லவில்லை.

"ஏத்தா, எனக்கு ஒண்ணுமே தெரியல. எங்கன இருக்க தாயி?"

குரல் நடுங்கியது. அப்போதும் நான் பேசவில்லை. நாலைந்து மூச்சு நேரம் இருக்கும். அவர் பயப்படட்டும் என்று இருந்தேன். நோயாளி ஒருவர் அப்படிக் கூப்பிட்டால் வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடுகிறவள் நான். அந்த நாலைந்து மூச்சை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் மூன்று வருடம் சும்மா இருந்தார் என்றால் நானும் அவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்.

பிறகு ஏதோ சரியும் சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். அந்தப் பக்கம்தான் பள்ளம்.

"எந்திரிக்காதீங்கத்தே! அங்கனயே இருங்க, நான் வாரேன்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தொட்டதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த முறை துணியை இல்லை. ஜில்லென்று ஈரமான, செதில் உரித்து உரித்துத் தழும்பேறிய விரல்கள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். குளிரில் அவர் பல் அடித்துக்கொண்டது. என் சால்வையைப் பிரித்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினேன்.

"கோவமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"இரு. கோவமாவே இரு" என்றார். கையை விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அத்தை என் மாமனாரைப் பற்றிப் பேசினார். காப்பியில் உப்புப் போட்டுக் குடிப்பாராம். கடலில் யாராவது காணாமல் போனால் கரைக்கு வந்து மூன்று நாள் பேசமாட்டாராம். மகன் வேன் ஓட்டப் போகிறேன் என்றபோது, "நல்லது, அது முழுகாது" என்றாராம். நான் சிரித்துவிட்டேன். என் கோபத்துக்கு இத்தனை நாள் இருந்த ஆள் இல்லாமல் போய்விட்டார். அந்த இடத்தில், உப்புக் காப்பி குடிக்கிற வெள்ளை மீசைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். நான் பூசைக்குப் பெயர் சொன்ன மனிதரை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

காற்று திரும்பியது. மஞ்சு கிழிந்து, ஓட்டை ஓட்டையாக ஏரி தெரிய ஆரம்பித்தது. எழுந்து நடந்தோம். சரிவான இடத்தில் அவர் என் கையைப் பிடித்தபடியே இறங்கினார். பூண்டு வயல்களை எட்டியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வயல் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, என் பின்கழுத்தில் ஒட்டியிருந்த அட்டையை அவர் எடுத்துப் போட்டார்.

கணவர் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை, "ஏலே, சாப்புட்டுட்டு இரு. உங்கிட்டப் பேசணும்" என்றார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நானும் இருக்கட்டும் என்று கையால் காட்டினார். என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் மகனிடம் சொன்னார்.

கணவர் தட்டை நகர்த்திவிட்டு வெளியே போனார். வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தம் வரவில்லை. நான் போகப் பார்த்தேன். "விடு, இருந்துட்டு வரட்டும்" என்றார் அத்தை. அன்று நான் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வேலைக்குப் போனேன்.

கணவர் உள்ளே திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பா என்ன சொன்னாரு? சரியாச் சொல்லும்மா."

"'வரச் சொல்லு, பிள்ளையப் பாப்போம்'னாரு."

"எப்பச் சொன்னாரு? எங்கன இருந்துக்கிட்டுச் சொன்னாரு?"

"கருக்கல்ல. கடலுக்குப் போகச் சட்ட மாத்திக்கிட்டே சொன்னாரு."

"இன்னொரு வாட்டி சொல்லு."

அத்தை சொன்னார். கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அடுப்பில் ஆறிப்போயிருந்த குழம்பைத் திரும்பச் சுட வைத்தேன்.